பாதியாகக் குறைந்த எண்

மூளைக்கு ரத்தம் போகிற குழாய் சுருங்கிப்போனதால் என் மனைவிக்குக் கண்டியில் ஒப்பரேசன் செய்தார்கள். நெற்றிப்பொட்டில் ஓடுகிற ரத்தக் குழாயை உள்ளே கொண்டுபோய் மூளைக் குழாயோடு தைத்துவிட்டார்களாம். அதற்கு முன்பு பல மாதமாக அவளுக்கு நாக்குக் குழறும். பேச்சு பாதியில் நின்றால் அவள் கண் கலங்கும்.

தையல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் எகிறிக்கொண்டே போனது. உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற எண் அது. இப்படியே ஏறினால் கிருமி தொற்றியிருக்கலாம், பக்கவாதம்கூட வரலாம் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் அவரே சிரித்துக்கொண்டு வந்தார். எண் பாதியாக இறங்கிவிட்டதாம். இன்னும் கவனம் வேண்டும், ஆனாலும் ஆபத்து குறைந்திருக்கிறது என்றார். அடடா, அந்த வராந்தாவிலேயே ஆடியிருப்பேன்! கொட்டகலையில் இருக்கும் மனைவியின் அக்காவுக்கு உடனே கோல் எடுத்தேன். அவர் தோட்டத்து மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! ரத்தத்துல பாதியா கொறைஞ்சிருச்சுக்கா!"

"ஐயோ, எங்க புள்ள போச்சே!" என்று ஓர் அலறல். லைன் கட்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பறித்த கொழுந்து கிலோவில் குறைந்தால் எங்களுக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். எண் குறைந்து நல்லது நடந்ததாகத் தோட்டத்தில் யார் கண்டது? நான் ஒரு மடையன், சந்தோஷத்தில் கத்தித் தொலைத்துவிட்டேன். திரும்பத் திரும்ப எடுத்தும் பதிலே இல்லை.

நோயாளிகளைப் பார்க்கிற நேரத்துக்கு, ஒரு வேன் நிறைய, தோட்டத்து லய வீடுகளின் சனம் மாரடித்துக்கொண்டு வந்து இறங்கியது.

"நல்ல சேதிக்கா! அந்த நம்பரு கொறையத்தான் வேணும்!" என்று கத்தினேன்.

"எங்கள ஆத்துறதுக்குச் சொல்றீங்க தம்பி" என்று அக்கா என்னைத் தள்ளிவிட்டு வார்டுக்குள் ஓடினார்.

தலையில் கட்டோடு படுத்திருந்தவளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் கண்ணைத் திறந்தாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். முகம் கடுகடுத்தது.

"எதுக்குக்கா இப்புடி ஒப்பாரி வைக்கிறீங்க? யாரு செத்தா?"

ஒப்பரேசனுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு; ஓர் எழுத்துக்கூடக் குழறவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டார். அழ ஆரம்பித்தது நான்தான்.