மணிக்கு எண்பது

புதன்கிழமைக் காலை உணவு முடிந்து தட்டுகளை எடுக்கும் நேரத்தில் டெல்மார் ஆஸ்ட்ராண்டரின் வலது கை காதுக்குப் போகும். தலை கோதுவதுபோலத்தான் தெரியும். கட்டைவிரல் மடலுக்குப் பின்னால் நுழைந்து, காது கேட்கும் கருவியின் சின்ன உருளையைக் கீழ்நோக்கி உருட்டும். அதற்குள் சுட்டுவிரல் நெற்றிப்பொட்டைச் சொறிந்து, கை அங்கே போனதற்கு ஒரு காரணம் காட்டிவிடும். அதன்பின் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் மீன்தொட்டிக்குள் இருப்பவர்கள் ஆகிவிடுவார்கள். வாய்கள் திறக்கும், மூடும். சத்தம் வராது.

அவ்வளவு அருவருப்பு அவருக்கு அந்தப் பேச்சின்மேல்.

சப்பாலா ஏரிக்கரையில் அந்த ஊர்க்கார மெக்சிகோக்காரர்களுக்குச் சமமாக அமெரிக்கக் கிழவர்களும் கிழவிகளும் நிறைந்திருந்தார்கள். ஓய்வூதியம் வந்து விழும் வாரத்தில் பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் வெள்ளைத் தொப்பிகளாக நிற்கும். ஏன் வந்தீர்கள் என்று யாரைக் கேட்டாலும் வெயிலுக்காக என்பார்கள். ஊரில் இருந்தால் வாடகைக்கும் மாத்திரைக்கும் சேர்ந்தாற்போல் காசு போதாது என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதற்காகவே இன்னொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: எதை எவ்வளவு மலிவாக வாங்கினோம் என்பதை.

"முடி வெட்ட அறுபது பேசோ! எங்க ஊர்ல அந்தக் காசுக்கு நாற்காலிலகூட உட்கார விடமாட்டான்."

"அறுபதா? நல்லா ஏமாந்தே. சந்தைக்குப் பின்னால அம்பதுதான்."

"உனக்கு இருக்கற முடிக்கு அம்பதே ஜாஸ்தி."

புதன்கிழமை மேசையில் இப்படிப் போகும். பல் கட்டியது, கண்ணாடி மாற்றியது, தோட்டக்காரன், தண்ணீர்க் குடம். யார் குறைவாகக் கொடுத்தாரோ அவர் அன்றைக்கு ஜெயித்தவர். பெரும்பாலும் ஜெயிப்பவர் ஹோபார்ட், அரிசோனாவில் காப்பீட்டு முகவராக இருந்தவர். பேசும்போது அவர் தாடியில் முட்டையின் மஞ்சள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் சொல்ல மாட்டார்கள். டெல்மாரும் சொன்னதில்லை. அதையே பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பார்.

பின் ஏன் போனார்? அவர் ஒஹாயோவில் பள்ளிக்கூடக் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் காலம் கழித்தவர். மனைவி லெனோராவுக்கு நினைவு நழுவத் தொடங்கியபோது, அவளைப் பராமரிக்கும் இல்லத்தில் கேட்ட மாதக் கட்டணம் அவர் ஓய்வூதியத்தைப்போல் மூன்று பங்கு. அரசாங்கக் காப்பீடு அதற்கு உதவாது. வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தார். வந்தபின் லெனோராவுக்கு விழுங்குவதும் சிரமமானது. தண்ணீர் குடித்தால் புரையேறும். தண்ணீரைக் கூழ்போலக் கெட்டியாக்க ஒரு பொடி உண்டு. அதை ஹோபார்ட்தான் அரிசோனா போய்வரும்போதெல்லாம் காரில் கொண்டுவந்து தருவார். அந்தப் பொடிக்காக டெல்மார் புதன்கிழமைகளில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் ஒதீலியா இருந்தாள். ஊர்க்காரி, ஐம்பதை நெருங்குகிறவள். அவரை மரியாதையாக ‘தோன்’ சேர்த்துத்தான் கூப்பிடுவாள். காலையில் வந்து வீட்டைத் துடைத்து, சமைத்து, லெனோராவைக் குளிப்பாட்டுவாள். துடைப்பதும் சமைப்பதும் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். லெனோரா வாயைத் திறப்பது ஒதீலியா ஒருத்திக்குத்தான். டெல்மார் கரண்டியை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். ஒதீலியா எதிரே உட்கார்ந்து, தன் வாயைத் தானே திறந்து காட்டி, "ஆ… எங்க, என் ராணி" என்றால் போதும், கிழவி சிரித்துக்கொண்டே திறப்பாள்.

ஒரு திங்கட்கிழமை, பப்பாளிக் கூழ் ஊட்டிக்கொண்டே ஒதீலியா சொன்னாள்: "தோன் டெல்மார், ஒண்ணு கேக்கணும். மணிக்கு எண்பது இனிமே எனக்குக் கட்டுப்படியாகாது. நூறு ஆக்கித் தாங்க."

"நூறா?"

"தக்காளி விலை உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே சந்தைக்குப் போறீங்க."

"தெரியும், தெரியும். புதன்கிழமை கழிச்சு சொல்றேன்."

"புதன்கிழமையில என்ன இருக்கு?" என்றாள்.

இருபது பேசோ கூடுதல் அவருக்குப் பெரிதில்லை. அப்போதே சரி என்றிருக்கலாம். ஆனால் அந்த மேசைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. வேலைக்காரிக்கு மணிக்கு எண்பதுக்குமேல் தரக்கூடாது. ஒருவர் கூட்டினால் எல்லோர் வீட்டிலும் கேட்பார்கள். டெல்மார் ஊருக்கு வந்த முதல் வாரமே ஹோபார்ட் தோளில் கைபோட்டுச் சொல்லித்தந்த பாடம் அது. புதன்கிழமை, தட்டு எடுக்குமுன்பே டெல்மார் விஷயத்தைச் சொன்னார்.

"நூறா!" ஹோபார்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "யோவ், உன் தலையில மிளகாய் அரைக்கறா. நீயும் குனிஞ்சு காட்டறே."

"லெனோரா அவ கையாலதான் சாப்பிடறா."

"அதான் அவளுக்கும் தெரியுமே! அதை வச்சுத்தானே கேக்கறா."

பக்கத்தில் மோரீன், கணவனை இழந்தவள், தட்டில் மிஞ்சிய ரொட்டியைத் துடைதாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்: "டெல்மார், நீ நல்லவன்தான். உன் நல்லதனத்துக்கு நாங்க எல்லாரும் காசு கட்டணுமா, சொல்லு? எங்க வீட்டு வேலைக்காரப் பொண்ணு எண்பதுக்கு ஜன்னல்கூடத் துடைக்கறா."

"எங்க வீட்டுல எழுபத்தஞ்சு," என்றார் ஹோபார்ட். மேசை ஆரவாரித்தது. ஒருவர் கைதட்டினார்.

"இல்லேன்னு சொல்லிப் பாரு," என்றார் ஹோபார்ட். "போகமாட்டா. எங்க போவா? அடுத்த வாரம் கிளம்பறேன், பொடி எத்தனை டப்பா வேணும்?"

டெல்மாரின் கை காதுக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் முழுச் சத்தத்தில் கேட்டார். எழுந்து போயிருக்க வேண்டும். "ஆறு டப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒதீலியாவிடம் ஹோபார்ட்டின் வார்த்தைகளையே சொன்னார். தன் வாயிலிருந்து அந்த ஆளின் குரல் வருவது அவருக்கே கேட்டது. "எல்லா வீட்டுலயும் எண்பதுதான். நான் மட்டும் கூட்டினா நல்லா இருக்காது."

ஒதீலியா ஈரத்துணியைப் பிழிந்தாள். "எல்லா வீட்டுலயுமா?"

"ஆமா."

"யாரு சொன்னா?"

"எங்க ஆளுங்க."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டாள். "அப்ப சரி, தோன் டெல்மார். சனிக்கிழமை வரைக்கும் வரேன்."

சனிக்கிழமை லெனோராவுக்குத் தலை வாரிவிட்டு, நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். எண்பதுக்கு இன்னொரு பெண் கிடைத்தாள். நன்றாகத் துடைத்தாள். அவள் கரண்டியை நீட்டியபோது லெனோரா வாயைப் பூட்டிக்கொண்டாள். டெல்மார் எதிரே உட்கார்ந்து, எழுபத்தாறு வயதில், தன் வாயைத் திறந்து காட்டி, "ஆ" என்றார். "என் ராணி" என்றும் சொல்லிப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கூழ் ஆறித் தோல்கட்டியது. ஹோபார்ட் கொண்டுவந்த ஆறு டப்பாவும் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கியிருந்தன.

லெனோராவின் மோதிரம் விரலில் நில்லாமல் கழன்று விழுந்த அன்று அவர் மேட்டுத்தெருவுக்குப் போய் ஒதீலியாவின் கதவைத் தட்டினார்.

"நூத்திஇருபது தரேன். நாளைக்கே வா."

அவள் வாசலிலேயே நின்றாள். "அம்மா எப்படி இருக்காங்க?"

"சாப்பிடமாட்டேங்கறா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "வேற வீட்ல ஒத்துக்கிட்டேன், தோன் டெல்மார். அங்கயும் ஒரு பெரியவர் படுத்த படுக்கையா இருக்கார். பாதியில விட்டுட்டு எப்படி வருவேன்? இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். வந்தாள். ஆனால் அதற்குமுன் வெள்ளிக்கிழமையே குவாதலஹாரா நகரத்தில் மருத்துவமனைக்காரர்கள் லெனோராவின் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். ஒதீலியா எதிரே உட்கார்ந்ததும் கிழவி சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். வாய்வழி எதுவும் தரக்கூடாது என்று மருத்துவர் எழுதிவைத்திருந்தார். திறந்த வாய் வெகுநேரம் திறந்தே இருந்தது.

டெல்மார் பிறகு புதன்கிழமைகளில் போகவில்லை. தெருவில் ஹோபார்ட்டைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். லெனோரா மழைக்காலத் தொடக்கத்தில் இறந்துபோனாள்.

அடுத்த ஆண்டு மோரீன் மகனோடு இருக்கப் போவதாக வீட்டைக் காலிசெய்தாள். தன் வேலைக்காரிக்கு வேறு இடம் பார்க்க வேண்டுமென்று டெல்மாரிடம் வந்தபோது, அவள் எவ்வளவு எதிர்பார்ப்பாள் என்று அவர் கேட்டார். நூற்றுப்பத்து என்றாள் மோரீன். நாலு வருடமாக அதுதான் தருகிறாளாம். வெளியே சொல்லக்கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம். ஹோபார்ட் தந்தது நூற்றிருபதாம். மேசையில் இருந்த மற்றவர்களும் நூற்றுக்குக் கீழே இல்லையாம். வேலைக்குப் போகும் பெண்கள் பேருந்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் ஒதீலியாவுக்கு அது அப்போதே தெரியும். அந்த மேசைக்காரர்களில் உண்மையாகவே எண்பது கொடுத்துவந்தவர் டெல்மார் ஒருவர்தான்.