சுடுதண்ணி பட்ட கண்

அன்றைக்கு வீட்டில் இருந்தது அம்மா, மாமா, நான். அப்பா இல்லை; தீபாவளி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர்ப் பக்கம் லாரி ஓட்டிப் போயிருந்தார். அக்கா இல்லை, காய்ச்சலில் கிடந்த பெரியம்மாவுக்குச் சோறு பொங்கிப் போட ஆனைக்குட்டத்துக்குப் போயிருந்தாள். இவர்களில் ஒருவர் வீட்டில் இருந்திருந்தாலும் கதை வேறாகியிருக்கும் என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியொன்றும் வேறாகியிருக்காது என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். சீசன் வந்துவிட்டால் கருந்திரி கொண்டுவருவார். கருந்திரி என்பது வெடிமருந்து பூசிக் காயவைத்த நூல். வெளியே வைக்கும் நெருப்பைப் பட்டாசுக்குள் கொண்டுபோவது அதுதான். அதை விரல் நீளத்துக்கு வெட்டிக் கட்டுக் கட்டாகக் கட்டித் தர வேண்டும். லைசென்ஸ் உள்ள கம்பெனியில், தள்ளித் தனியாகக் கட்டிய அறையில் செய்ய வேண்டிய வேலை. ஆர்டர் முட்டும்போது அது கம்பெனிகள் இருக்கிற நாரணாபுரம் தாண்டி எங்கள் தெருவுக்கு நடந்து வந்துவிடும். மாமா சாக்கில் கொண்டுவருவார், சாக்கில் கொண்டுபோவார். வழியில் யாராவது கேட்டால் தவிடு என்பார். எங்கள் தெருவில் மாடு வைத்திருந்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

புரட்டாசி மாத வெயில். கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளறையில் வெட்டிக்கொண்டிருந்தோம். நான் அப்போது நாலாப்பு. கட்டு போடுவதில் எனக்கு அம்மாவைவிட வேகம் அதிகம். எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. பிளேடு உரசியிருக்கும் என்றார் மாமா. மாமாவின் பீடி என்றாள் அம்மா. அதையும் மாமா வீட்டைவிட்டுப் போன பிறகுதான் சொன்னாள். எனக்குத் தெரிந்தது ஒரு வெளிச்சம். அப்புறம் நான் வாசலில் கிடந்தேன். குடத்தில் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் அம்மா என் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அது பச்சைத் தண்ணீர். அரைமணி நேரத்தில் அது சுடுதண்ணீராகிவிட்டது.

மொபெட்டில் மாமா ஓட்ட, நடுவில் நான், பின்னால் அம்மா. ஈரச்சேலையை என் முகத்தில் போட்டிருந்தாள். முகம் அடுப்பில் வைத்ததுபோல் எரிந்தது. மாமா திரும்பிப் பார்க்காமலே பாடம் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னலே ஆச்சு?"

"சுடுதண்ணி கொட்டிருச்சு."

"எங்கன?"

"அடுப்படியில."

"எதுக்கு வச்ச தண்ணி?"

"குளிக்க வச்சது."

"உங்க வீட்டுல யாரும் பட்டாசு வேல பாக்காகளா?"

"இல்ல. அப்பா லாரி ஓட்டுதாரு."

"அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒரு வார்த்த வரப்படாது."

வாய்ப்பாட்டைத் தடுக்காமல் சொல்கிற பையன் நான். டவுனுக்குள் நுழைவதற்குள் இரண்டு முறை ஒப்பித்துக் காட்டிவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே தீக்காயம் என்று போனால் முதலில் சீட்டு, அடுத்தது ஸ்டேஷனுக்குத் தகவல். எங்கள் பக்கத்து ஆட்கள் போவது டவுனில் ஒரு சந்துக்குள் இருந்த டாக்டரிடம். கைராசிக்காரர் என்றோ படிப்பாளி என்றோ அவருக்குப் பேர் இல்லை. "அவரு கேள்வி கேக்க மாட்டாரு" என்பதுதான் அவருடைய பேர். அந்த ஒரு வார்த்தைக்காகவே சீசனில் அந்தச் சந்தில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது.

பெஞ்சில் எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை வரை வெந்த ஒரு அக்காவிடம் அம்மா என்னவென்று கேட்டாள். "சுடுதண்ணிக்கா" என்றாள் அவள். பக்கத்தில் இருந்தவருக்கும் சுடுதண்ணிதான். இன்னொருவர் மட்டும் கொஞ்சம் மாற்றி, ரசம் என்றார். எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் பெரிய காரியம். அந்தத் தண்ணீரில் இத்தனை பேர் எப்படி வெந்தார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நம்மைப்போலவே எல்லோருக்கும் நடந்திருக்கிறது என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

டாக்டர் வெள்ளைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். என் நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கினார்.

"என்னடா ஆச்சு?"

ஒப்பித்தேன். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

"சமத்து" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

நர்ஸ் துடைத்தாள். என் இரண்டு புருவமும் கருகிப் போயிருந்தன. இடது கன்னத்தில் கறுப்புக் கறுப்பாய்ப் பொட்டுகள் ஏறியிருந்தன. பஞ்சை நனைத்து நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நான் வலியில் துள்ளினேன். "இது போக மாட்டேங்குது சார்" என்றாள். "விட்டுரு, விட்டுரு" என்றார் டாக்டர். வெண்ணெய் மாதிரி ஒரு மருந்தைப் பூசிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். டாக்டரை ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குள் ஒரே பெருமை. அப்பா வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டு மாற்றப் போன அன்று அம்மா பேசினாள். டாக்டரிடம் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"சார், இவனுக்கு இடது கண்ணு உறுத்துதாம் சார். உள்ள மண்ணு கெடக்க மாதிரி இருக்குங்கான். தண்ணியா வடியுது. கொஞ்சம் தொறந்து பாருங்களேன்."

"ஏ, நீ சும்மா இரிக்கா" என்றார் மாமா. "சாருக்குத் தெரியாததையா நீ சொல்லப் போற?"

டாக்டர் மாமாவைக் கையமர்த்திவிட்டு அம்மாவைப் பார்த்து, பொறுமையாகத்தான் சொன்னார். "சுடுதண்ணி மேல படும்போது கண்ணு தானா மூடிக்கும்மா. உள்ள எதும் போகாது. வேற எதாச்சும் பட்டுச்சா?"

"என்னடா ஆச்சு" என்றதற்கு மேல் எங்களிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அது ஏதோ பட்டாசுக் கம்பெனிக் காலண்டர்.

"வேற என்ன சார் படப்போகுது" என்றார் மாமா.

"அப்பச் சரி. சொட்டுமருந்து எழுதுறேன், விடுங்க" என்றார் டாக்டர். கண் இமையை அவர் தொடவே இல்லை.

சந்தைவிட்டு வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "கண்ணத் தொறந்து பாக்க எம்புட்டு நேரம் ஆகப்போகுது? பிள்ள கெடந்து துடிக்கான்."

"தொறந்து பாத்தா உள்ள கெடக்கது தெரியும். தெரிஞ்சா அவரு எழுதணும். எழுதினா, மச்சான் வாரதுக்கு முன்ன வாசல்ல ஜீப்பு வந்து நிக்கும். ரெண்டு பேரும் போயி ஏறிக்கிடுவமா?"

அம்மா மொபெட்டில் வரும்போது வழியெல்லாம் என் கண்ணைத் தன் முந்தானையால் ஒற்றிக்கொண்டே வந்தாள்.

கட்டுப் பிரித்தார்கள். புருவம் பூனைமுடி மாதிரி முளைத்தது. கண்ணில் வலி குறைந்தது. ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குக் குறைந்தது. எல்லோரும் மறந்துகொண்டிருந்தோம்.

பெரியம்மாவுக்குக் குணமாகி அக்கா ஒரு மாலையில் திரும்பி வந்தாள். நான் வாசலில் கோலிக்குண்டோடு குத்தவைத்திருந்தேன். சத்தமில்லாமல் பின்னால் வந்து என் கண்ணைப் பொத்தினாள்.

"யாருன்னு சொல்லுலே."

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை; சாத்தூர்க் காரச்சேவு வாசம் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரேயடியாக இருட்டிவிட்டதில் எனக்கு மூச்சு முட்டியது. "ஏ அக்கா, ரெண்டு கையையும் எடு" என்றேன்.

"நான் ஒரு கையத்தானலே வச்சிருக்கேன்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. மறு கையில் சேவுப் பொட்டலம் இருந்தது. பொத்தியிருந்தது என் வலது கண்ணை மட்டும்.

அவள் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்பது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அதே வாரம் அப்பா லாரியை ஷெட்டில் விட்டுவிட்டு வந்தார். அம்மா அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குளித்து, சட்டை மாற்றி, என்னைத் தூக்கிக்கொண்டு மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா என் தாடையை மிஷினில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, "கண்ணுல என்ன பட்டுச்சு தம்பி?" என்று கேட்டார்.

"சுடுதண்ணி. குளிக்க வச்சது. அப்பா லாரி ஓட்டுதாரு" என்றேன்.

"அப்படியா. அந்தத் தண்ணிக்குள்ள கரித்தூள் எப்படிடா வந்துச்சு?"

அந்தப் பாடம் எனக்கு எடுக்கப்படவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அப்பா சொல்லிவிட்டார், ஒன்றுவிடாமல்.

"அன்னைக்கே யாராவது இமையைத் தூக்கிப் பார்த்தாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அன்னைக்கு நான் இல்லம்மா" என்றார் அப்பா.

உள்ளே கிடந்ததை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். உடனே வந்திருந்தால் பார்வையும் தங்கியிருக்கலாம் என்றார்கள். தங்கவில்லை.

மதுரையிலிருந்து வந்த மறுநாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனார். செக்போஸ்டில் தடியை நீட்டுகிறவனிடமே எதுக்கு, என்னத்துக்கு என்று சட்டம் பேசுகிற மனுஷர். டாக்டரின் மேசைக்கு முன்னால் நின்று, என்னை முன்னே நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"பிள்ள கண்ணுல உறுத்துதுன்னு சொன்னானாம். அவன் ஆத்தாளும் கேட்டாளாம். ஏன் சார் நீங்க தொறந்து பாக்கல?"

டாக்டர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"சுடுதண்ணின்னு சொன்னீங்க. சுடுதண்ணிக்கு என்ன பார்க்கணுமோ பார்த்தேன். வேற எதாச்சும் பட்டுச்சான்னு கேட்டேன், இல்லைன்னாங்க. இப்ப வேற ஏதோ பட்டுச்சுன்னு சொல்றீங்களா? சொல்லுங்க, எழுதிக்கிறேன். எங்க வச்சு, என்ன வேலை செய்யும்போது, சரக்கு யாரு கொண்டுவந்து குடுத்தா, எல்லாம் எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பணும். அனுப்பவா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் தோளில் இருந்த அப்பாவின் கை மெல்லக் கனம் குறைந்தது.

"வேண்டாங்க சார்" என்றார் அப்பா. "சரிங்க சார்."

வாசலில் கம்பவுண்டர் எங்களை நிறுத்தி, கட்டுப் போட்டதற்கு மாமா பாக்கி வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னான். அப்பா சட்டைப் பையில் கைவிட்டு அதையும் கொடுத்தார்.

அம்மாவுக்கு இப்போது சர்க்கரை. மாதம் ஒருமுறை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது நான்தான். இந்த மாத்திரை எதற்கு, போன மாதத்து மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள், இது ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்யும் என்று கேட்பேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன்; படித்ததற்கு அதையாவது செய்யலாம் என்று கேட்கிறேன். அம்மா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளுவாள். வெளியே வந்ததும், "இம்புட்டுக் கேள்வி கேட்டா சாரு கோவிச்சுக்கிட மாட்டாராலே" என்பாள்.

அன்றைக்கு அந்தச் சந்திலிருந்து திரும்பி நடக்கும்போது எனக்கு அப்பாவின்மேல் பரிதாபமாக இருந்தது. நான் அவ்வளவு நன்றாக ஒப்பித்திருக்கிறேன், டாக்டர் அவ்வளவு உறுதியாக நம்பிவிட்டார், இனி அப்பாவே வந்து உண்மையைச் சொன்னாலும் மாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டேன். சுடுதண்ணீர் புருவத்தைக் கருக்காது. கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்காது. அந்தப் பொட்டுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, சவரம் செய்யும்போது தினமும் பார்க்கிறேன். டாக்டர் ஒரு நொடிகூட எங்களை நம்பவில்லை என்பதும், எங்கள் பொய் எங்களைவிட அவருக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது என்பதும் அந்த வயதில் புரியவில்லை.

மறுவருஷப் புரட்டாசியில் எதிர்வீட்டுக்காரருக்குக் கை வெந்தது. எங்கே கொண்டுபோக என்று தெருவே வந்து அப்பாவைக் கேட்டது. அப்பா அந்தச் சந்துக்கு வழி சொன்னார். "கண்ண மட்டும் தொறந்து பாக்கச் சொல்லுங்க" என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஆபரேஷன், பஸ், மருந்து, லாரிக்குப் போகாத நாட்கள், வட்டி, கம்பவுண்டரிடம் கொடுத்த பாக்கி எல்லாம் சேர்த்து, இடது கண் நீங்கலாக, அப்பா சொன்ன மொத்தம் இருபத்து மூவாயிரத்து நானூற்று அறுபத்தைந்து ரூபாய். அன்றைக்குத் திரி வெட்டிய கூலி என்று மாமா கொண்டுவந்து கொடுத்த முப்பத்தைந்து ரூபாயை அதில் அவர் ஏற்கெனவே கழித்திருந்தார்.