டகோட்டா இறக்கையில் நான் போட்ட கோடு

ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டுக்காரர் பழைய டகோட்டா விமானத்தை நிறுத்தி, அதற்குள் ஓட்டல் நடத்துகிறார். ஊரே வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறது. எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

அந்த ரக விமானத்தில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் நான். சண்டைக் காலத்தில் சிப்பாய்களைச் சுமந்தது, பிறகு தபால், பிறகு பயணிகள். புல்தரையிலும் இறங்கும். வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம், அதனால் தரையில் நிற்கும்போது மூக்கு மேலே பார்க்கும். உள்ளே ஏறினால் மேட்டில் நடக்கிற மாதிரிதான் சீட்டுக்குப் போக வேண்டும். இறக்கையின் வெளிப்பாதி தனி. ஒரு பட்டைத் தகட்டை உரித்தால் அடியில் வரிசையாகப் போல்ட்டுகள். கழற்றலாம், திரும்ப மாட்டலாம். செய்தவன் புத்திசாலி.

போன வருஷம் இந்த விமானத்தை மலைக்குக் கொண்டுபோகப் பிரிக்கும்போது, அடிவாரத்து யார்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கொண்டை ஊசி வளைவில் உடம்பு முழுசாக ஏறாது, அதை அறுத்துத்தான் ஆக வேண்டும் என்று நானே ஒப்புக்கொண்டேன். இறக்கையாவது முழுசாகப் பிழைக்கட்டும் என்று கெஞ்சினேன். சரி என்றார்கள். போல்ட் எங்கே இருக்கிறது என்று காட்ட, சாக்பீஸால் பட்டையின் மேல் கோடு போட்டேன். அவர்களிடம் இருந்த ஸ்பேனர் ஒன்றும் சேரவில்லை. என்னுடையதை எடுத்து வரக் கொட்டச்சேட்டில் இருக்கிற என் வீட்டுக்கு பஸ் ஏறினேன். வரும்வரை தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் பையோடு திரும்பினேன். இரண்டு இறக்கையும் தரையில் கிடந்தன. கட்டிங் மெஷின் இன்னும் சூடாக இருந்தது. யாரைக் கேட்டு அறுத்தாய் என்று மேஸ்திரியிடம் கத்தினேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்கதானுங்களே கோடு போட்டுக் குடுத்தீங்க?"

போன வாரம் மகள் அங்கே சாப்பிடக் கூட்டிப் போனாள். சூப் சிந்தக் கூடாதென்று வாலைத் தூண்மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். நான் உள்ளே போகவில்லை. இறக்கைக்கு அடியில் நின்று தடவிப் பார்த்தேன். வெள்ளை பெயிண்டுக்குக் கீழே ஒட்டுத் தகடு விரலில் தட்டியது. ஒரு நூல்கூடக் கோணல் இல்லை. அவ்வளவு நேராகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், பாவி.