பாதி வாசனை

சத்யப்பிரியா வேலை பார்ப்பது புதுச்சேரிப் பக்கம் உள்ள ஒரு விஸ்கி கம்பெனியில். அண்ணாமலை நகரில் வேதியியல் படித்துவிட்டு லேபில் சேர்ந்தவள், மோப்பம் நன்றாக இருக்கிறது என்று ருசி பார்க்கும் குழுவுக்கு மாற்றப்பட்டாள். முகர்ந்து, ஒரு மிடறு வாயில் வைத்துச் சுழற்றி, துப்பிவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனாலும் கடலூரில் மாமியார் வீட்டில் அவள் ஜூஸ் கம்பெனிக்குப் போகிறாள் என்றே பேச்சு. அப்படிச் சொல்லி வைத்தது கணவன் ஸ்ரீதர்.

கம்பெனியில் புதிதாக ஒன்று செய்யப் போகிறார்கள்: பீப்பாயில் ஊறிய விஸ்கியைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே புட்டியில் அடைப்பது. அந்த வகையில் வரும், பர்பன் என்கிற அமெரிக்க விஸ்கியை அவள் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. அமெரிக்காவில் இருக்கும் தம்பி அருண்குமாரிடம், பொங்கலுக்கு வரும்போது ஒரு பாட்டில் வாங்கி வரச் சொல்லியிருந்தாள்.

காணும் பொங்கலன்று சிதம்பரத்தில் அம்மா வீட்டில் எல்லாரும் கூடினார்கள். மதியம் அடுப்படியில் சத்யப்பிரியா வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். மிளகாய்ப் புகை கண்ணைக் கரித்தது. மாடியில் ஒரே சிரிப்பு. வறுவல் தட்டோடு ஏறிப்போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தம்பி கொண்டுவந்த பாட்டிலில் பர்பன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் கோலா.

"டேய், இது எனக்குன்னுதானடா வாங்கியாரச் சொன்னேன்?"

அருண்குமார் தலையைச் சொறிந்தபடி ஸ்ரீதரைக் காட்டினான். "மாமாதான் தொறந்துட்டாருக்கா. நான் என்னா பண்றது?"

"இதுல போயி கோலா ஊத்துவாங்களா? ஒரு சொட்டு தண்ணி விட்டு, ஆற வச்சி..."

"கீழ போ சத்யா," என்றான் ஸ்ரீதர், பல்லைக் கடித்துக்கொண்டு. "சித்தப்பாலாம் இருக்காங்க."

அவள் தட்டை வைத்துவிட்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அடுப்படியில் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். வாயை லேசாகத் திறந்து முகர்ந்தாள். முதலில் வந்தது மீன் வாடை. ஜன்னலோரம் போய் மறுபடி முகர்ந்தாள். கருகிய மரம், காய்ச்சிய வெல்லப்பாகு. அதற்குப் பின்னால் இன்னும் ஏதோ இருந்தது. வறுத்த முந்திரித் தோலா, வெனிலாவா? பிடிபடவில்லை. மிளகாய் நெடி மூக்கை அடைத்திருந்தது. ஒரு மிடறு எடுத்தாள்; நாக்கில் எரிச்சல் மட்டும்தான். தொட்டியில் துப்பினாள். கோபத்தில் அழுகையே வந்தது. நாளைக் காலையில், வெறும் வயிற்றில், சுத்தமான மூக்கோடு பார்க்கலாம் என்று பாட்டிலை மூடி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள்.

திரும்பினால் அம்மா மங்கலம் நின்றிருந்தாள்.

"நீயுமாடி?"

"இதாம்மா என் வேலை. குடிக்கல. துப்பிட்டேன், பாத்தீல்ல?"

அம்மா அரிசி டிரம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

காலையில் பாட்டில் காலியாகத் தோட்டத்துக் குழாயடியில் கிடந்தது. "சாமி படம் இருக்கிற வூடு, கொட்டிட்டேன்," என்றாள் அம்மா. அழுது கண் சிவந்திருந்தது.

பஸ்ஸில் ஸ்ரீதர் சமாதானமாக, "வேற வாங்கிக்கலாம் வுடு," என்றான்.

"எங்க வாங்குவீங்க? உங்க ஆபீஸ்ல நீங்க போயிச் சேர்றதுக்குள்ள ஒருத்தன் உங்க கம்ப்யூட்டர ஒடச்சிப்புட்டு, வேற வாங்கிக்கன்னா சும்மா இருப்பீங்களா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீடு வந்து சேர்ந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமியார் தங்கம்மாளிடம் சொன்னாள்: "அத்தை, நான் போறது ஜூஸ் கம்பெனி இல்ல. விஸ்கி கம்பெனி. ருசி பாத்துச் சொல்ற வேலை."

தங்கம்மாள் மகனைப் பார்த்தாள். ஸ்ரீதர் தரையைப் பார்த்தான்.

திங்கட்கிழமை குழுத் தலைவர் ஆவலாகக் கேட்டார், "எப்படிம்மா இருந்துச்சு அந்த பர்பன்?"

"வெல்லப்பாகு சார். கருகின மரம்," என்றாள். "அதுக்கு மேல தெரியல."