மணப்பெண்ணின் தலையில் கத்தரிக்கோல்

ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரில் எனக்கு ஒரு முடிதிருத்தும் கடை இருக்கிறது. கானா நாட்டுப் பெண் ஒருத்தி, கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து, மருந்து போட்டு நேராக்கிய கூந்தலை ஒட்ட வெட்டச் சொன்னாள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். எங்கள் தமிழ்ச் சனத்தில் ஒரு காலத்தில் கணவன் செத்தால்தான் பெண்ணின் தலையை மழிப்பார்கள். நாளை அவளுக்கு ஏதும் நடந்தால்?

“கலியாணம் முடியட்டும் பிள்ளை” என்று ஜெர்மன் மொழியில் கெஞ்சினேன்.

“எனக்கும் பயம்தான். ஆனா என்ர சொந்த முடியை நான் சின்னனில இருந்து பாக்கேல்லை. வெட்டுங்கோ.”

கண்ணை மூடிக்கொண்டாள். நான் வெட்டி முடித்தேன். அடியில் வளர்ந்திருந்த சுருள் முடி மட்டும் மிஞ்சியது. கண் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

“அம்மா மாதிரி இருக்கிறன்” என்றாள்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுநாள் மாலை அவளிடமிருந்து கைபேசிக்குக் கல்யாணப் படம் வந்தது. அவளும் அம்மாவும் அருகருகே, ஒரே மாதிரித் தலையோடு சிரித்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.