நாலு உலை தூரம்

எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்பு வரைதான். எழுத்து கோணல்மாணலாக வரும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது நாங்கள் தீவில், பத்துபஸ்தி என்ற ஊரில் இருந்தோம். கொஞ்சம் நடந்தால் ஏரோப்ளேன் இறங்கும் இடம். வாரத்துக்கு ஒன்று வரும். அது இறங்குவதற்கு முன் ஒரு ஆள் ஓடி ஓடி மாடு விரட்டுவார். அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும்.

அம்மாவுக்கு வயிறு வீங்கிக்கொண்டே போனது. இங்கே வைத்தியம் இல்லை, கடல் தாண்டி மெயின்லேண்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். கப்பலில் நாலு நாள். அவ்வளவு நாள் உடம்பு தாங்காதாம். அப்பா யார் யாரையோ கெஞ்சி, கல்கத்தா ஏரோப்ளேனில் அம்மாவுக்கும் கூடப் போக மாமாவுக்கும் இடம் வாங்கினார்.

எனக்கு எட்டு வயது. கல்கத்தா எவ்வளவு தூரம் என்று நச்சரித்தேன். வீட்டில் கடிகாரம் கிடையாது.

“நாலு ஒல வச்சு நாலு தடவ சோறு வடிக்கிற நேரந்தான். அதுக்குள்ள அம்மா எறங்கிடுவா, போடி” என்றார் அப்பா.

ஏரோப்ளேன் எழும்பியதும் ஓடிவந்து அடுப்பு மூட்டினேன். முதல் உலைக்குத்தான் அரிசி, மற்றதெல்லாம் வெறும் தண்ணீர். அப்பா வாசலில் உட்கார்ந்து, “எத்தனாவது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது என்றபோது கொஞ்சம் சிரித்தார்.

நாலாவது கொதிக்கையில் வானத்தில் சத்தம். பக்கத்து வீட்டு பெங்காலி மாசி தலையில் கைவைத்து, “ஹே பகவான், வாபஸ் ஆ கயா!” என்று அலறினாள். திரும்பி வந்துவிட்டது. எனக்கோ துள்ளல். போகவும் வரவும் சேர்த்துத்தான் அப்பா நாலு உலை சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவும் நானும் இறங்கும் இடத்துக்கு ஓடினோம். மாமா அம்மாவைத் தாங்கி இறக்கினார். “பாதிக் கடல் தாண்டியாச்சு மச்சான். முன்னால ஒரே கருமேகம். திருப்பிட்டான்.”

நான் அம்மா கையைப் பிடித்து, “அதுக்குள்ள மருந்து குடுத்துட்டாங்களாம்மா?” என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். “குடுத்துட்டாங்கடி. எல்லாம் சரியாயிடுச்சு.”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடுகளுக்கு நடுவே போய் நின்றார். அம்மா குணமாகி வந்திருக்க, இவருக்கு என்ன என்று எனக்கு எரிச்சல்.

மறுபடி பறக்க ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அம்மாவுக்குச் சரியாகிவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். தினமும் காலையில் எழுப்பி உட்காரவைத்து இரட்டைச் சடை போடச் சொன்னேன். நிறுத்தி நிறுத்திப் பின்னுவாள். அஞ்சாம் நாள் ஒரு சடைதான் முடிந்தது, மற்றதற்குக் கை எழவில்லை. சோம்பல் என்று கோபித்துக்கொண்டு ஒற்றைச் சடையோடு பள்ளிக்கூடம் கிளம்பினேன். பாதி வழியில் மாமா ஓடிவந்து கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு வானத்தில் சத்தம் கேட்டால் அப்பா உள்ளே போய்விடுவார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. அம்மா நாலு உலை நேரமும் பறந்திருக்கிறாள். கல்கத்தா போய்ச் சேரும் அளவுக்குப் பறந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கியிருக்கிறாள்.

அந்தக் காலத்தில் அது எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அப்பா குறைத்துச் சொல்லியிருக்கலாம். நாலு உலையைவிடத் தூரம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கொஞ்சம் ஆறும்.