கழுவி முடித்த பிறகு வந்த பேட்ரிசியா

எங்கள் பக்கத்து வீட்டு பேட்ரிசியாவின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். கைரேகை எடுக்கத் தூவுகிற பொடி அது; எந்த சோப்புக்கும் நகக்கண்ணை விட்டுப் போகாது. குளுவாங் தோட்டத்தில் லோரி ஓட்டியவரின் மகள், இன்று போலிஸ் தடயவியல் பிரிவில் சார்ஜன். எங்கள் தம்போய் தாமான் குடியிருப்பில் அவரைத் தெரியாதவர் இல்லை, அவர் வேலை என்னவென்று சரியாகத் தெரிந்தவரும் இல்லை. கல்யாண மண்டபத்தில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். பிணத்தைத் தொட்ட கையாம். அதே ஆட்கள் மோட்டார் சைக்கிள் காணாமல் போனால் மட்டும் முதலில் அவர் வீட்டு கேட்டைத்தான் தட்டுவார்கள். டிவியில் வருகிற மாதிரி நீல விளக்கு அடித்து, விளம்பரம் முடிவதற்குள் திருடனைப் பிடித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். "கேட்டுல ஒரு போர்டு மாட்டிடு, கிளினிக் மாதிரி" என்பார் அவர் கணவர் எல்வின். பேட்ரிசியா சிரித்துக்கொண்டே வந்தவருக்கு மைலோ கலக்கப் போய்விடுவார்.

அவர் எங்கள் அம்மன் ஆலயத்துக்கு வேலையாக வந்தது போன வருஷம் ஆடி மாதம். ஆலயத்தில் நான் உதவிச் செயலாளர், அதாவது நாற்காலி அடுக்குபவன். காலையில் போனால் பக்கவாசல் பூட்டு ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தது, கருவறைக் கம்பிக்கதவு நெம்பிக் கிடந்தது, அம்மன் கழுத்துச் சங்கிலியைக் காணோம். நான் போலிசுக்குப் போன் செய்தேன். தலைவர் திருச்செல்வம் அர்ச்சகருக்குப் போன் செய்தார்.

அர்ச்சகர்தான் முதலில் வந்தார்.

திருடன் தொட்ட கருவறை தீட்டாகிவிட்டதாம். மஞ்சள் தண்ணீர், பால், பன்னீர் எல்லாம் ஊற்றி, கம்பிக்கதவைத் தேங்காய் நாரால் தேய்த்து, நெய் தடவித் துடைத்தார்கள். போலிஸ் வருகிறவரை பொறுங்கள் என்றேன். நாற்காலி அடுக்குபவன் பேச்சை யார் கேட்பது.

அதற்குள் தலைவர் திருடனையும் கண்டுபிடித்துவிட்டார். ஆலயத்துக்குப் பின்னால் அறையில் தங்கியிருக்கும் நாதஸ்வரக்காரர் சபாபதி. திருவாரூர்ப் பக்கத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர், உள்ளூரில் பேச ஆள் இல்லாதவர். இதைவிட வசதியான திருடன் கிடைப்பானா?

"சாவி அவன்கிட்டதான இருக்கு" என்றார் தலைவர்.

"சாவி வெச்சிருக்கவரு எதுக்கு பூட்ட அறுக்கணும்?" என்று கேட்டேன்.

"நம்மள ஏமாத்தத்தான் லா."

போலிஸ் வந்ததும் சபாபதியை அரச மரத்தடியில் உட்காரவைத்தார்கள், பக்கத்தில் ஒரு போலிஸ்காரர் நின்றார். தடயம் எடுக்கும் குழு வேலையை முடித்ததும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். பெர்மிட் போய்விடும், ஊருக்குத் திருடன் என்ற பெயரோடு போக வேண்டும். அந்த மனிதர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பேட்ரிசியா அலுமினியப் பெட்டியோடு வந்து இறங்கினார். தலைவர் மார்பு நிமிர்த்தி வரவேற்றார்.

"எல்லாம் சுத்தமா கழுவி வெச்சிருக்கோம் மேடம். உங்களுக்கு வேல ஈஸி."

பேட்ரிசியா பெட்டியைக் கீழே வைத்தார். "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றார். "பெருக்கி கோலமும் போட்டிருக்கலாம்."

"போட்டாச்சு மேடம், முன்வாசல்ல."

கம்பிக்கதவில் பொடி தூவினார். நெய்யைத் தவிர ஒரு மண்ணும் தெரியவில்லை. சபாபதியைக் காப்பாற்றவோ மாட்டிவிடவோ அங்கே ஒரு ரேகையும் மிச்சமில்லை. தலைவர் அதற்கும் கவலைப்படவில்லை. குழுவில் வந்த இன்னொருவர் வாசல்படியில் கால் வைத்ததும், "சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க தம்பி, கோயில் இது" என்று அதட்டினார்.

பேட்ரிசியா திரும்பிப் பார்த்தார். "திருட வந்தவனும் கழட்டியிருப்பானா ஐயா?"

தலைவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். அம்மன் கழுத்தில் கை வைப்பார்கள், ஆனால் சிலிப்பரோடு அவள் முன்னால் போகச் சொன்னால் உடம்பு நடுங்கும்.

பேட்ரிசியா பக்கவாசலுக்குப் போனார். சுவரோரமாக ஒரு ஜோடி தோல் சிலிப்பர் இருந்தது, ஒழுங்காக, வாசலைப் பார்த்தபடி. அங்கிருந்த யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. "கோயில்னா சிலிப்பர் கெடக்கும்" என்றார் தலைவர். பேட்ரிசியா காந்தத் தூரிகையை அதன் மேலாகக் கொண்டுபோனார். வார் மடிப்பிலிருந்து இரும்புத்தூள் எழும்பி ஒட்டிக்கொண்டது. பூட்டை அறுத்தபோது உதிர்ந்த தூள். அறுக்கும்போது காலில் இருந்திருக்கிறது, அப்புறம் பக்தியோடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான். ஓடும்போது மறந்துவிட்டான் போல.

சபாபதியின் பாதத்தை அளந்தார்கள். சிலிப்பரைவிட இரண்டு விரற்கடை நீளம்.

இடது வாரில் நீல நைலான் கயிற்றால் தையல் போட்டிருந்தது. அந்தத் தையலை அன்னதானப் பந்தியில் நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தலைவருடைய மச்சான் யுகேந்திரனுடையது. தலைவர் பேட்ரிசியாவின் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"தங்கச்சி, கோயில் மானம் பாருங்க. போலிஸ் ரிப்போர்ட்ட நாங்களே திருப்பி எடுத்துக்கறோம். இது நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம். சபாபதியும் இருந்துட்டுப் போகட்டும், தாக் அப்பா, பரவால்ல."

பேட்ரிசியா சிலிப்பரைப் பையில் போட்டு ஒட்டினார். மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் யுகேந்திரன் வீட்டு விலாசத்தைத் தலைவரிடமே கேட்டார். மரத்தடியில் நின்ற போலிஸ்காரர் நகர்ந்து போனார். 'மன்னிச்சிரு' என்று ஒரு நிர்வாகியும் சபாபதியிடம் சொல்லவில்லை.

பேட்ரிசியாதான் அவரிடம் போனார். "நீங்க போலாம் அண்ணே."

"எங்க மேடம் போறது? பாஸ்போர்ட்டு தலைவர் வீட்டுல இருக்கு."

"பாதுகாப்புக்குத்தான் நான் வெச்சிருக்கேன்" என்றார் தலைவர் அவசரமாக.

பேட்ரிசியா பெட்டியைத் திறந்து இன்னொரு காலிப் பையை எடுத்தார். "அடுத்தவங்க பாஸ்போர்ட்ட வெச்சுக்கறதும் குத்தம்தான் ஐயா. நீங்களே கொண்டாந்து குடுக்கறீங்களா, நாங்க வந்து எடுக்கட்டுமா?"

தலைவரே கார் ஓட்டிப் போய்க் கொண்டு வந்தார். சபாபதி அதைப் பிரித்துத் தன் படம் இருக்கிறதா என்று பார்த்து, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அன்று சாயங்காலப் பூஜைக்கு அவர் வாசிக்கவில்லை. வாசிக்கச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.